இல்லாத நாயின் மார்பளவு

ஹாசல்பெக் ஊரில் மனிதர்கள் எந்த அளவில் வேண்டுமானாலும் பிறக்கலாம், யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு பெருகலாம். ஏன் என்று கேட்க நாதியில்லை. நாய் விஷயம் அப்படி ஏனோதானோ என்று நடப்பதில்லை. அதற்கு ஒரு சங்கம் இருக்கிறது. சங்கத்துக்குத் தலைவி இருக்கிறாள், தலைவிக்குக் கீழே அளவு அதிகாரி இருக்கிறார், அளவு அதிகாரியிடம் வெல்வெட் பெட்டிக்குள் ஒரு நாடா இருக்கிறது.

டாக்கெல் என்பது நீண்ட உடம்பும் சாண் உயரக் காலும் உள்ள நாய். முயல் வளைக்குள் புகுந்து விரட்டுவதற்காக ஜெர்மன்காரர்கள் எந்தக் காலத்திலோ வளர்த்தெடுத்தது. ஆகவே அதன் உயரத்தை யாரும் கேட்பதில்லை, மார்பைச் சுற்றித்தான் அளப்பார்கள். வளைக்குள் நுழையுமா, மாட்டிக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டாமா? ஹாசல்பெக் சங்கத்து நாய் எதுவும் முயல் வளையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு கதை. மண் ஒட்டினால் ரோமம் கெட்டுப்போகும் என்று சங்கமே அதற்குத் தடை போட்டிருந்தது.

மார்பு முப்பது சென்டிமீட்டருக்குள் இருந்தால் முயல் பிரிவு. முப்பத்திரண்டும் அதற்கு மேலும் என்றால் குள்ளப் பிரிவு. நடுவில் இருக்கிற முப்பத்தொன்று யாருக்குச் சொந்தம் என்று முன்னொரு காலத்தில் இரண்டு பிரிவும் அடித்துக்கொண்டன. ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணமே பறந்தது. கடைசியில் சமாதானமாகப் போனார்கள். முப்பத்தொன்று உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். அன்றிலிருந்து அந்த அளவில் நாய் பிறப்பது நின்றுவிட்டதாகச் சங்கம் நம்புகிறது.

ஹில்ட்ரூட் பொக்கல்மனுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாது. அவள் ஊருக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீட்டில் ஒரு ஈற்றுக் குட்டி எடுத்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்து, அந்தக் குட்டிகள் பஸ் நிறுத்தத்தில் தன்னைப் பார்த்து வாலாட்டுவதைப் பார்ப்பதுதான் அவளுடைய பொழுதுபோக்கு. சூதாடுவதற்கும் குடிப்பதற்கும் இது எவ்வளவோ மேல் என்று அவள் புருஷன் கிஸ்பெர்ட் சொல்வான்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவள் தன் நாய் வாண்டாவை அளவுக்குக் கூட்டிப்போனாள். அளவு அதிகாரி டாக்டர் நோட்டபோம் ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாண்டாவை மேஜைமேல் நிறுத்தி, பெட்டியைத் திறந்து, நாடாவை எடுத்து ஒருமுறை உயர்த்திக் காட்டினார். கூட்டம் எழுந்து நின்று உட்கார்ந்தது. நாடாவைச் சுற்றினார். இறுக்கினார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"காலையில இதுக்கு என்ன குடுத்தீங்க?"

"ரொட்டியில ஈரல் சாசேஜ் தடவிக் குடுத்தேன். எப்பவும் குடுக்கறதுதான்."

"அளவு நாள் அன்னிக்கா?"

பக்கத்து நாற்காலிக்காரி ஹில்ட்ரூட்டின் முழங்கையை இடித்தாள். "வெள்ளிக்கிழமையே நிறுத்திடணும்மா. சனிக்கிழமை பூரா நடத்தணும். கூப்பிடறதுக்கு முன்னால காதுல ஒரு ஊது ஊதினா, மூச்ச வெளிய விட்டுடும். உனக்கு யாரும் சொல்லலயா?"

யாரும் சொல்லவில்லை. முன்பு வைத்திருந்த பெர்லே ஏற்கெனவே அளந்து முடித்த நாயாக வந்தது. இந்தச் சடங்கு ஹில்ட்ரூட்டுக்குப் புதிது.

"முப்பத்தொண்ணு," என்றார் நோட்டபோம். மரணச் செய்தி சொல்கிற குரல்.

"சரி. அப்ப எந்தப் பிரிவுல வருவா?"

"எதுலயும் வரமாட்டா. முப்பத்தொண்ணுல நாய் கிடையாது."

"இதோ நிக்குதே டாக்டர்."

"நிக்கறது வேற, ஃப்ராவ் பொக்கல்மன். இருக்கறது வேற."

"வேணும்னா நாளைக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு வரட்டுமா?"

"அளவு ஒரு தடவதான். ஞானஸ்நானம் மாதிரி."

ஹில்ட்ரூட் வாண்டாவை இறக்கி, கேக் விற்கிற கூடாரத்தின் கம்பத்தில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தலைக்குள் வண்டு குடைந்தது. தலைவி பேச எழுந்துவிட்டதால் யாரிடமும் எதுவும் கேட்கவும் முடியவில்லை.

தலைவி ரோஸ்வித்தா ஆலன்ஃபெல்ட். பச்சை வேட்டைக் கோட்டும், இறகு செருகிய பச்சைத் தொப்பியும் போட்டிருப்பாள். வாண்டா அவள் வீட்டு நாய் கொண்டெஸ்ஸா பெற்ற குட்டிதான். குறைந்த விலைக்குக் கொடுத்து, பாதி உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். நாய்க்காரர்களிடையே அது வழக்கம்.

"வளர்ப்புத் தோழர்களே," என்று ஆரம்பித்தாள். "இன்னிக்கு ஒரு வருத்தமான அளவப் பாத்தோம். அதப் பத்திப் பேச மாட்டேன். ஒழுக்கத்தப் பத்திப் பேசறேன். சிலபேர் பொழுதுபோக்குன்னு சொல்லிக்கிட்டு அளவுல அடங்காத நாயெல்லாம் வளக்கறாங்க. கேட்டா, நல்லா ஓடுது, நல்லா மூச்சு விடுதுங்கறாங்க. மூச்சு விடறது ஒரு தகுதியா? தெருநாய்கூட மூச்சு விடும். எங்க கொண்டெஸ்ஸாவ எடுத்துக்கங்க. இருபத்தெட்டு. ரெண்டு தடவ சிசேரியன் பண்ணித்தான் குட்டி எடுத்தோம். ஒரு தடவயாவது முகஞ்சுளிச்சிருப்பாளா? அளவுக்குள்ள இருந்து கஷ்டப்படறது கௌரவம். அளவுக்கு வெளிய சௌக்கியமா இருக்கறது ஒழுக்கக்கேடு."

கைதட்டல் வானைப் பிளந்தது. வேட்டைக் கொம்பு ஊத வேண்டிய ஆள் கூடாரத்துக்குப் பின்னால் போனவர், ஊதாமலே திரும்பி வந்து தலைவியின் காதில் ஏதோ சொன்னார்.

எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். வாண்டாவோடு இன்னொரு நாயும் இருந்தது. தலைவியின் சாம்பியன், மார்பு இருபத்தேழு, பெயர் பரோன். இவ்வளவு சின்ன நாய்க்கு எட்டாது என்றுதான் யாரும் கவலைப்படாமல் அவிழ்த்து விட்டிருந்தார்கள். நோட்டபோம் நாடாப் பெட்டியைப் புல்மேல் வைத்திருந்தார். பரோன் பின்னங்காலை அதன்மேல் ஊன்றியிருந்தது.

நாய்கள் சேர்ந்துவிட்டால் அதுவாக விடுகிறவரை பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. சங்கத்தார் அத்தனை பேருக்கும் இது தெரியும். ஆகவே சங்கம் முழுவதும் சுற்றி நின்று மரியாதையாக வேறு பக்கம் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, வேறு வழியில்லாமல், கொம்புக்காரர் கொம்பை ஊதினார்.

வாண்டா சினையாகிவிட்டாள் என்று கால்நடை டாக்டர் சொன்ன அன்றைக்கே ரோஸ்வித்தா போன் செய்தாள். ஊரில் ரகசியம் தங்காது.

"நெறிக்குழு கூடுது, ஃப்ராவ் பொக்கல்மன். குட்டியக் கலைச்சுட்டு, கருப்பையையும் எடுத்துடறதுதான் முறை. இனத்தோட நன்மைக்காக. குழு கூடின மறுநாள் காலைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன்."

"நான் சம்மதிக்கலன்னா?"

"பாதி என்னுதுங்கறத மறந்துட்டீங்க. பாதியோட சொந்தக்காரியா நான் வந்து கூட்டிட்டுப் போவேன்."

கிஸ்பெர்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டான்: "எந்தப் பாதி அவளுது? முன்பாதின்னா இத்தன நாள் சோறு அவ போட்டிருக்கணும். பின்பாதின்னா நடந்ததுக்கு அவதான் பொறுப்பு."

"விளையாடாத, கிஸ்பெர்ட்."

"விளையாடல. வயிறு எந்தப் பாதியில வருதுன்னு யோசிக்கறேன்."

ஹில்ட்ரூட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பெர்லேயின் ஞாபகமாகவே இருந்தது. பெர்லே இருபத்தெட்டு. சங்கமே கொண்டாடிய அளவு. பிரசவத்தில் குட்டியின் தலை வெளியே வராமல், ஆபரேஷன் மேஜையில் கண்ணைத் திறந்தபடி செத்துப்போனது. அந்தக் கண் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஹில்ட்ரூட்டால் மறக்க முடியவில்லை. இனிமேல் தானாகப் பெற முடியாத நாயைச் சினைப்படுத்தமாட்டேன் என்று அன்றைக்கே சத்தியம் செய்தாள். வாண்டா வளர வளர, இடுப்பு அகன்று வருவதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டதெல்லாம் அதனால்தான். அந்தச் சந்தோஷமே இப்போது குற்றமாகிவிட்டது.

குட்டி போடப்போவது வாண்டா. குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தது ஹில்ட்ரூட். சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பாள். கார் சத்தம் கேட்டால் வாண்டாவைத் தூக்கிக்கொள்வாள். பஸ்ஸில் மாதாகோவில் நிறுத்தத்தை ஒருநாள் தாண்டிப் போய்விட்டாள். இறங்க வேண்டிய கிழவர், "ஃப்ராவ் பொக்கல்மன், நான் செத்தப்புறம்தான் கோவிலுக்குன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். யாரோ அதற்குச் சிரித்தார்கள். அவள் கண்ணாடியில் பின்னால் வருகிற காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெறிக்குழு சங்கக் கட்டிடத்து மாடியில் கூடியது. எல்லாருக்கும் சாசேஜும் உருளைக்கிழங்கு சாலட்டும் வந்தன. குழு என்று பெயரே தவிர, சங்கம் முழுவதும் வந்திருந்தது. முதலில் மறைந்த நாய்களுக்கு மௌன அஞ்சலி. பிறகு, விசாரிக்கப்படுகிற நாய் அறைக்குள் இருக்கலாமா என்று விவாதம். மடியில் இருந்தால் அறைக்குள் இருப்பதாகாது என்று தீர்ப்பானது. ஹில்ட்ரூட் வாண்டாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதுவும் புரியாமல், ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலை, நாளைக் காலை என்று மனசுக்குள் ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது.

முதல் விஷயம் பரோன். அளவில் அடங்காத நாயோடு சேர்ந்த ஆண் நாய்க்கு இலையுதிர்காலக் கண்காட்சியில் இடமில்லை என்பது விதி. அந்த விதியைப் போன வருஷம் எழுதியவள் ரோஸ்வித்தாவேதான். அவள் முகம் வெளிறியிருந்தது.

நோட்டபோம் எழுந்தார். "தோழர்களே, ரொம்ப யோசிச்சேன். வாண்டா முயல் பிரிவுல இல்ல. குள்ளப் பிரிவுலயும் இல்ல. நமக்கு வேற பிரிவு கிடையாது. அப்படின்னா சங்கத்தப் பொறுத்தவரைக்கும் வாண்டான்னு ஒரு நாயே இல்ல. இல்லாத நாயோட எந்த நாயும் சேர முடியாது. பரோன் அன்னிக்கு, என்ன சொல்றது, தனியாத்தான் இருந்தான்."

"நாமெல்லாம் பாத்தோமே," என்றார் கொம்புக்காரர்.

"நாம வேற பக்கம் பாத்துட்டிருந்தோம்," என்றார் நோட்டபோம்.

அது உண்மைதான் என்று பலர் தலையாட்டினார்கள். ஓட்டுக்கு விட்டார்கள். வாண்டா என்ற நாய் இல்லை. எல்லாக் கையும் உயர்ந்தன, ரோஸ்வித்தாவின் கை எல்லாவற்றுக்கும் மேலே. அவள் ஒரு பெருமூச்சு விட்டு, தண்ணீர் குடித்து, அடுத்த விஷயத்துக்குப் போனாள்.

"ரெண்டாவது. வாண்டாவுக்கு நாளைக்குக் காலையில நடக்க வேண்டிய ஆபரேஷன்."

ஹில்ட்ரூட் எழுந்தாள். சாமர்த்தியமாக மடக்க வேண்டும் என்றெல்லாம் அவள் எழவில்லை. அவள் உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தாள்.

"எந்த நாய்க்கு?" என்றாள்.

எங்கோ ஒரு முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"மன்னிச்சுக்கங்க, எனக்குப் புரியல. வாண்டான்னு நாயே இல்லன்னு இப்பத்தான் கை தூக்கினீங்க. இல்லாத நாய்க்கு எப்படி ஆபரேஷன்?"

"அது பரோன் விஷயத்துக்கு மட்டும்," என்றார் நோட்டபோம்.

"பரோனுக்கு இல்லாதவ, ஆபரேஷன் டாக்டருக்கு மட்டும் இருப்பாளா? பாதி உரிமைன்னீங்க. முழுசே இல்லாதப்ப பாதி எங்கேருந்து வந்துச்சு? இருக்கான்னு சொல்லுங்க, நாளைக்கு நானே கூட்டிட்டு வரேன். ஆனா அவ இருந்தா, பரோனும் அன்னிக்கு அங்க இருந்தான்."

எல்லாரும் தலைவியைப் பார்த்தார்கள். ரோஸ்வித்தா சுவரில் தொங்குகிற பரோனின் படத்தைப் பார்த்தாள். படத்தில் அதன் கழுத்தில் மூன்று ரிப்பன்கள். நான்காவதுக்கு இடம் விட்டுத்தான் சட்டம் போட்டிருந்தார்கள்.

"ரெண்டாவது விஷயத்த ஒத்தி வைக்கிறோம்."

"ஒத்தி வைக்காதீங்க. என்னால தூங்க முடியல. இருக்கா, இல்லையா? சொல்லிடுங்க."

"இல்ல," என்றாள் ரோஸ்வித்தா. யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

ஹில்ட்ரூட் வாண்டாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். வாசலில் நின்ற இரண்டு பேருக்கு அவளை நிறுத்தலாமா என்று ஒரு சபலம். ஆனால் அவள் கையில் எதுவும் இல்லையே, எதற்காக நிறுத்துவது? வழியை விட்டார்கள். தன் கோட்டை மாடியிலேயே மறந்து வைத்துவிட்டு, மழையில் வீடு வரைக்கும் ஓடினாள். மறுபடியும் கையைத் தூக்கி வாண்டாவை இருக்க வைத்துவிடுவார்களோ என்று பயம்.

வாண்டா குட்டி போட்ட அன்று கிஸ்பெர்ட் காபி போட்டான். அந்தக் காபி ஆறுவதற்குள் இரண்டு வந்துவிட்டன. மத்தியானத்துக்குள் ஐந்து. யாரும் எதையும் கிழிக்கவில்லை, தைக்கவில்லை. வாண்டா ஒவ்வொன்றையும் நக்கித் துடைத்து முலைப் பக்கம் தள்ளிவிட்டு, ஈரல் சாசேஜ் எங்கே என்று பார்த்தாள். ஹில்ட்ரூட் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இல்லாத நாய் ஐந்து குட்டி போட்ட செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், கால்நடை ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள ரயில் நிலைய நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தி ஹில்ட்ரூட் கதவைத் திறந்தபோது, படியில் ரோஸ்வித்தா நின்றிருந்தாள். தலையில் தொப்பி இல்லை. தொப்பி கோட்டுக்குள் நெஞ்சோடு இருந்தது. ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"என்னால கார் ஓட்ட முடியல," என்றாள். "இதுங்களக் கீழ விட முடியல."

தொப்பிக்குள் இரண்டு குட்டிகள். கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும். கண் திறக்கவில்லை. ஒன்று வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"கொண்டெஸ்ஸா?" என்றாள் ஹில்ட்ரூட்.

ரோஸ்வித்தா இல்லை என்று தலையை ஆட்டினாள். "மூணாவது தடவ. டாக்டர் வேண்டாம்னுதான் சொன்னாரு." பிறகு, "புட்டிப் பால எடுக்க மாட்டேங்குதுங்க. இந்தச் சுத்து வட்டாரத்துல பால் இருக்கற டாக்கெல் வேற இல்ல," என்றாள்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. இவ்வளவு நாள் ராத்திரி பகலாக ஹில்ட்ரூட் தனக்குள் சொல்லிப் பார்த்து மெருகேற்றி வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்து மூடுகிற குட்டியைப் பார்த்தாள்.

"ஏறுங்க," என்றாள்.

குறித்த நேரத்துக்கு முன்னால் நிறுத்தத்தைவிட்டு பஸ் கிளம்பக் கூடாது. தாமதமாகப் போனால் திட்டோடு போய்விடும். முன்னால் போவது ஜெர்மன் நாட்டில் பாவத்தில் சேர்த்தி. ஹில்ட்ரூட் இத்தனை வருஷத்தில் அதைச் செய்ததில்லை. அன்றைக்கு, கிஸ்பெர்ட்டுக்கு ஒரு போன் போட்டுவிட்டு, செய்தாள். மாதாகோவில் நிறுத்தத்தில் ஆளில்லை, நிற்கவில்லை. பாலத்தடியில் ஒருத்தி ஓடி வந்தாள், அவளை ஏற்றி, அவள் உட்காருவதற்குள் பஸ்ஸை எடுத்தாள். முன் சீட்டுக் கிழவர் ரோஸ்வித்தாவின் கோட்டை எட்டிப் பார்த்தார்.

"நாய்க்கு டிக்கெட் உண்டில்ல?"

"இந்த பஸ்ல நாய் எதுவும் இல்ல," என்றாள் ஹில்ட்ரூட், கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல்.

அவள் வீட்டு முனை நிறுத்தத்தில் கிஸ்பெர்ட் போனைக் காதில் வைத்தபடியே, வீட்டுச் செருப்போடு நின்றுகொண்டிருந்தான். ரோஸ்வித்தாவை இறக்கிவிட்டு ஹில்ட்ரூட் பஸ்ஸை எடுத்தாள். ஷிப்ட் முடிய இன்னும் நேரமிருந்தது. வாண்டா ஏற்றுக்கொள்வாளா? வேற்றுக் குட்டியைக் கடித்துத் தள்ளுகிற தாயும் உண்டு. ஒவ்வொரு சிக்னலும் அன்றைக்கென்று சிவப்பாகவே இருந்தது.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது தலைவி சமையலறைத் தரையில், பூட்ஸைக் கழற்றிவிட்டு, பச்சைக் கோட்டில் பால் கறையோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் பெட்டிக்குள் வாண்டா பக்கவாட்டில் படுத்திருந்தாள். அவள் வயிற்றோடு ஒரே நெருக்கடி. சப்புகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"மோந்து பாத்தா," என்றான் கிஸ்பெர்ட். "ஒரு நக்கு நக்கினா. அவ்வளவுதான்."

ஹில்ட்ரூட் அப்படியே நாற்காலியில் சரிந்தாள். எண்ணிப் பார்த்தாள். ஏழும் இருந்தன.

"கொண்டெஸ்ஸா வயித்துலேருந்து வந்தவதானே," என்றாள் ரோஸ்வித்தா. "தம்பி தங்கச்சிக்குப் பால் குடுக்கறா." அவள் கை கோட்டுப் பைக்குள் போனது. பையில் எப்போதும் ஒரு நாடா இருக்கும். கை அதைத் தொட்டுவிட்டு, வெறுமனே வெளியே வந்தது. "ஃப்ராவ் பொக்கல்மன், ஒரு விஷயம். கண்காட்சி வருது. குட்டிகளப் பதிவு பண்ணணும். இவ பால் குடுத்த விஷயம் சங்கத்துக்குத் தெரிய வேண்டாம்."

ஹில்ட்ரூட் அவளைப் பார்த்தாள்.

"எவ?" என்றாள்.

ரோஸ்வித்தாவின் முகம் மெல்லக் கோணியது. தரையில் இருந்தபடியே பெட்டிக்குள் கையை நீட்டினாள். வாண்டா அந்தக் கையை ஒருமுறை நக்கிவிட்டு, மறுபடியும் குட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.